இடிக்கக் கூடாத அடுப்பு

“ஐயோ... மாதாவே!”

குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த அந்தப் பலகை வீட்டிலிருந்து அலறல் வெடித்தது.

மலாயா, 1934. சனிக்கிழமை. உச்சி வெயில்.

ரயில்வே குமாஸ்தா லியோனார்ட் சமையலறைத் தரையில் கிடந்தான். பக்கத்தில் கடப்பாரை. வலது காலின் மேல் பாதி அடுப்பு மேடை!

பழைய மேடையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைத்தான். ஒரே போடுதான் போட்டான். கெட்டிச் செங்கல் என்று நம்பிய மேடை உள்ளே கூடாக இருந்து, அப்படியே சரிந்துவிட்டது.

மனைவி வினிஃப்ரெட் ஓடி வந்து செங்கற்களை அள்ளிப் போட்டாள். ஒரு செங்கல்லைத் தூக்கியவள் சட்டென்று நின்றாள். மெல்ல அதை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“என்ன வினி?”

“ஒண்ணுமில்லீங்க... எதிர்வீட்டுக் காளியம்மாகிட்ட வெந்நீர் வாங்கிட்டு வரேன்.”

பின்வாசல் வழியாகப் பறந்தாள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

சுருட்டு!

லியோனார்ட் சுற்றுமுற்றும் பார்த்தான். குடிவந்த பத்து நாளாக உச்சி வேளையில் தவறாமல் வரும் வாடை. அவன் சுருட்டுப் பிடிப்பதில்லை. பிடித்தவன் ஒருவன்தான்... இந்த வீட்டைக் கட்டிய அண்ணன் அமலதாஸ். எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணி. மூன்று வருடங்களுக்கு முன் காணாமல் போனவன்!

“அலமாக்! அப்பவே சொன்னேன்லா தம்பி!”

வாசலில் மருந்துப் பெட்டியோடு சபாபதி. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸர். பக்கத்து வீட்டுக்காரர், அண்ணனின் சிநேகிதர். மூன்று வருடமாக வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது.

“இது பேய் புடிச்ச வீடு, அதுவும் அந்த அடுப்பத் தொடவே தொடாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?”

“பேயில்லண்ணே... என் அவசரம்... ஆ! மெல்ல!”

சபாபதி மளமளவென்று காலுக்குக் கட்டுப் போட்டார். புட்டியிலிருந்து மருந்தை டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

“இதக் குடிங்க. வலியே தெரியாது.”

பிறகு பென்சிலை எடுத்து ஒரு சீட்டில் எழுதினார்.

“மருந்து எப்பப்ப குடுக்கணும்னு எழுதியிருக்கேன். வினிஃப்ரெட் வந்தா குடுங்க.”

டம்ளரை உதட்டருகே கொண்டுபோன லியோனார்ட் சீட்டைப் பார்த்தான்.

கை நின்றது.

சீட்டின் தலையில் பிள்ளையார் சுழி. அடியில் இரட்டைக் கோடு. கோட்டுக்குக் கீழே மூன்று புள்ளி.

இதே சுழி... இதே மூன்று புள்ளி... அண்ணனின் கடைசிக் கடிதத்தில்!

‘பர்மாவுக்குப் போகிறேன். என்னைத் தேட வேண்டாம்.’

எழுத்து அசல் அண்ணன் எழுத்து. ஆனால் சாமான் பட்டியலுக்குக்கூட மேலே சிலுவை போடுகிற அண்ணன், அன்று பிள்ளையார் சுழி போட்டிருந்தான். எவளுக்காகவோ வேதத்தை விட்டு ஓடிவிட்டான் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவன் பேரில் மாதா கோயிலில் ஒரு பூசைகூட வைக்கக் கூடாது என்றாள். லியோனார்டும் அதை நம்பி, மூன்று வருடம் அண்ணனைச் சபித்தான்.

பாவி, என்ன காரியம் செய்தேன்!

“என்ன தம்பி யோசன? குடிங்கலா.”

“மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்கண்ணே.”

சபாபதியின் சிரிப்பு காணாமல் போனது.

“எழுத்த நல்லாத்தான் காப்பி அடிச்சீங்க. கைப்பழக்கத்த விட முடியலையே! எங்கண்ணன என்னய்யா பண்ணுன?”

சபாபதி குனிந்தார். கடப்பாரையை எடுத்தார்.

“காய்ச்சல்காரங்களுக்குக் குடுக்குற குயினைன்ல மாவு கலந்தேன். பாத்துட்டான். தொரைகிட்ட சொல்லுவேன்னான்... இந்த அடுப்ப அவனுக்காகத்தான் கட்டுனேன். ஒனக்கு எதுக்குடா புது அடுப்பு?”

கடப்பாரை உயர்ந்தது.

“அடுப்பு சரிஞ்சு செத்தான்னு ஊரு நம்பும். பேய் அடிச்சிருச்சுன்னு நானே சொல்லுவேன்!”

லியோனார்ட் கண்களை இறுக மூடினான். சுருட்டு வாடை குப்பென்று அறையை நிறைத்தது.

சபாபதி இருமினார். முகம் வெளுத்தது.

“யா... யாரு சுருட்டுப் புடிக்கிறது? அமலதாஸு?”

கடப்பாரை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அந்த ஒரு கணம் போதும்!

பின்கதவு படாரென்று திறந்தது. காக்கி உடுப்பு மாத்தா-மாத்தா இரண்டு பேர் பாய்ந்து சபாபதியின் கைகளைப் பின்னால் முறுக்கினார்கள்.

போலீஸ்காரர்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க வினிஃப்ரெட். கையில் வெந்நீர் இல்லை.

“அந்தச் செங்கல்லுக்கு அடியில உங்கண்ணன் ஜெபமால கெடந்துச்சுங்க... கூடவே வெரல் எலும்பு. சொன்னா தாங்க மாட்டீங்கன்னு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடிட்டேன்.”

லியோனார்ட் இடிந்த மேடையைப் பார்த்தான். ஓவென்று அழுதான். சுருட்டு வாடை சுத்தமாகப் போயிருந்தது.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்தான்.

“வினி... நாளைக்கே அண்ணன் பேருல பூசைக்குச் சொல்லிடு.”

“சரிங்க.”

“அப்படியே பிள்ளையார் கோயில்ல ஒரு தேங்காயும் ஒடைக்கச் சொல்லிடு... கொலகாரனக் காட்டிக் குடுத்தது அவருதான்லா!”