கூட்டுக்குக் காவல்

"இதுதான் அதுங்களோட அம்மாவா மிஸ்?"

பூச்சி ஆய்வகத்தைப் பார்க்க வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, அங்கே வேலை செய்யும் பெலிசியாவிடம் நேற்று அப்படிக் கேட்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள், அரிசிமணி போன்ற வெள்ளைக் கூடுகளின்மேல் ஒரு பச்சைப்புழு கவிந்து நின்றது. அது அம்மா இல்லை. குளவி அதன் உடலுக்குள் முட்டையிட்டது; குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டின. பாதி செத்த புழு பட்டினியாக அவற்றுக்கே காவல் நிற்கிறது. இதைக் குழந்தையிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

இன்று நுண்ணோக்கியின் கீழிருந்த குளவிக்கு அவளால் பெயர் சொல்ல முடியவில்லை. உணர்கொம்பில் பதினெட்டுக் கணு, குடும்பம் சரி. சிறகு நரம்புகள்தாம் எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். குப்பியில் ஒட்டிய சீட்டில் புழுவின் பெயர் எழுதும் இடத்தை மட்டும் மலர்க்கொடி காலியாக விட்டிருந்தாள். உடன் வேலை செய்யும் இந்த ஆறு வருடத்தில் அவள் அப்படி விட்டதே இல்லை.

ஒன்பது நாளுக்கு முன்பு குமராட்சி வயலுக்குப் பூச்சி சேகரிக்கப் போகும் முறை உண்மையில் பெலிசியாவுடையது. அன்று மாதா திருநாள். "நீ கோயிலுக்குப் போடி, நான் போயிட்டு வர்றேன்" என்று மலர்க்கொடி போனாள். திரும்பியதிலிருந்து அவள் இங்கேயே குடித்தனம் வைத்துவிட்டாள் என்று வாட்ச்மேன் சிங்காரம் கேலி செய்துகொண்டிருந்தார்.

நான்கு மணிக்கே மழை இருட்டு. மின்சாரம் நின்று, விசிறி ஓய்ந்து, குப்பிகளின் ஸ்பிரிட் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் அவற்றுக்கு அடியில் கசங்கிய பச்சை இலையின் வாடையும் ஒவ்வொன்றாக மேலெழுந்தபோது, அடுத்த அறையில் தாளின்மேல் நகம் உரசுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

அங்கே மலர்க்கொடி மேசைமேல் கவிந்திருந்தாள். இடது கை துப்பட்டாவுக்குள்.

"மலரு, சாப்டியா?"

"பசிக்கல."

"கடலூர் பஸ்ஸுல எங்க வூட்டுக்கு வாடி. டாக்டர பாப்போம்."

"நான் ஏந்திரிச்சா எறும்பு வந்துடும்."

பெலிசியா துப்பட்டாவை விலக்கினாள். முழங்கை முதல் மணிக்கட்டு வரை. வெள்ளைக் கூடுகள். நெருக்கமாக.

"எடுத்துடுடி" என்று மலர்க்கொடியின் வாய் கெஞ்சியது. பெலிசியா மேசைமேல் இருந்த இடுக்கியோடு நெருங்கியதும் அவள் உடல் குனிந்து கூடுகளை மூடிக்கொண்டது. கண்ணில் நீர். "ஒம்போது நாளா தூங்க விடல."

"தூங்கு. நான் காவல் இருக்கேன்."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தவள்போல் அவள் அப்படியே சரிந்து உறங்கினாள். பெலிசியா இடுக்கியை மறுபடி நீட்டினாள்.

அதற்குள் கூடுகள் திறந்துவிட்டன.

ஒன்று. பத்து. எண்ண முடியவில்லை. பறக்கவில்லை. உணர்கொம்புகளால் தடவித் தடவி, தோள் ஏறி, உறங்குபவளின் கழுத்தை நோக்கி ஊர்ந்தன.

மழைக்கு முன்பே சிங்காரமும் கிளம்பிவிட்டிருந்தார்; கட்டிடத்தில் வேறு யாரும் இல்லை. பெலிசியா மாதாவை ஒருமுறை அழைத்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, அந்தக் கழுத்துக்கு முன்னால் தன் கையை வைத்தாள்.

முதல் குளவி நின்றது. தடவிப் பார்த்தது. ஏறியது.

மற்றவை பின்னால் வரிசையில் நின்றன.