உமிச் சுவர்

காலையில் கதவைத் திறந்தபோது ஆற்றுப்பக்கத்துச் சுவரில் உமி ஒரு சாண் இறங்கியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் முப்பிடாதிதான் அதை விளிம்புவரை நிரப்பி, உள்ளங்கையால் தட்டித் தட்டி அமர்த்திவிட்டுப் போயிருந்தான். மற்ற மூன்று சுவர்களிலும் உமி வைத்தது வைத்தபடி தளும்பி நின்றது. இந்த ஒன்று மட்டும் யாரோ பாதி குடித்துவிட்டு வைத்த தம்ளர் மாதிரி இருந்தது.

வீடு என்று வாய் நிறையச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. வெள்ளம் வந்த வருஷம் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே அவனுடைய மண்சுவர் வீடு கரைந்துபோயிற்று. பாலத்து வேலை முடிந்து கழற்றிப் போட்டிருந்த தகர ஷெட் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்து, பழைய மனையில் சிமென்ட் கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தினான். தகரம் பகலெல்லாம் கொதிக்கும். தகட்டுக்கு உள்ளே நாலு விரல் இடைவெளி விட்டு சிமென்ட் போர்டு அடித்து, நடுவில் உமியைக் கொட்டி நிரப்பினால் சூடு தெரியாது என்று யோசனை சொன்னவர் ரைஸ்மில் குற்றாலலிங்கம். உமியும் அவர் மில்லில் மலையாகச் சும்மா கிடந்தது. ஜன்னல் வெட்டியாயிற்று, கரண்ட் இழுத்தாயிற்று. உள்ளே நுழைந்தால் புழுங்கல் நெல்லின் வாசனையும் புது பெயிண்ட் வாசனையும் கலந்து வீடு என்கிற நினைப்பு அவனுக்கு மெதுவாக வர ஆரம்பித்திருந்த சமயம் அது.

"ஒரு பக்கம் மட்டும் இறங்கிக்கிட்டே போகுது அண்ணாச்சி" என்றான் மில்லில் போய்.

"உமிதானலே. இறங்கத்தான் செய்யும். உன்ன மாதிரி தாலி கட்டுன அன்னைக்கே அடங்கிப் போகுமா?" என்று சிரித்தார் குற்றாலலிங்கம். "இன்னும் ரெண்டு மூட்டை அள்ளிட்டுப் போ."

ரெண்டு மூட்டையும் போயிற்று. மறுநாள் மறுபடி ஒரு சாண்.

எலி ஓட்டை போட்டிருக்கும் என்று ஷெட்டுக்கு அடியில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு உமி கீழே சிந்தியிருக்கவில்லை. அடிக்கல்லின் மேல் எறும்புச் சாரை ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்தச் சுவர் தொடங்கும் இடம் வந்ததும் நின்றது. தரையில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போயிற்று.

என்றைக்கிலிருந்து இது என்று அப்போதுதான் அவன் யோசித்தான். தொட்டில் கொக்கி மாட்டிய நாளிலிருந்து.

அவன் பெண்டாட்டி முத்துராணி தலைப்பிரசவத்துக்கு அம்பாசமுத்திரத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. கூரையில் இரும்பு ஆங்கிளோடு சேர்த்து வெல்டிங் வைத்த கொக்கி தாங்குமா என்று பார்க்க, அவளுடைய நீலப்பூச் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, பிள்ளையின் எடைக்கு ஒரு சின்னச் சாக்கில் உமியைப் போட்டு உள்ளே வைத்து ஆட்டிப் பார்த்தான். சிரிக்காதீர்கள் மக்களே, பெற்ற பிள்ளையைக் கை நிறையத் தூக்காத தகப்பன். அந்த மூட்டையைத் தட்டியும் கொடுத்தான். பிறகு வீணாக்குவானேன் என்று அதே உமியை ஆற்றுப்பக்கத்துச் சுவரில் கொட்டினான்.

அன்று போனில் முத்துராணியிடம் அதைச் சொன்னான்.

"பிள்ள வாரதுக்கு முந்தி வெறுந்தொட்டிலையா ஆட்டுனீய?"

"வெறுந்தொட்டில் எங்கட்டி? உமி கெடந்துச்சுல்லா. உம் மவன விடச் சமத்து, அழவே இல்ல."

"வெளாட்டா இருக்கா உங்களுக்கு? கூடாதும்பாவ" என்றாள். அதற்குள் பிள்ளை அழுதது. போனை வைத்துவிட்டாள்.

சத்தம் கேட்டது அதற்குப் பிந்தின ஒரு உச்சி வேளையில். வெயில் தகரத்தின் மேல் நின்று கொதித்தது. வாழைத்தோப்பில் ஓர் இலைகூட அசையவில்லை. வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம்கூடத் தூங்கிப்போன மாதிரி அமுங்கிக் கிடக்க, அவன் உள்ளே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுவருக்குள் யாரோ தட்டினார்கள். வெளியிலிருந்து அல்ல, போர்டின் மேலும் அல்ல. உமியின் மேல். மெத்தென்று. எலியென்றால் பிறாண்டும். இது ரெண்டு தட்டு சடுதியாக, ஒரு தட்டு பையவாக. மறுபடி ரெண்டு, மறுபடி ஒன்று. பிள்ளை பெற்ற வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த தாளம் அது. கண் சொருகுகிற பிள்ளையின் முதுகில் விழுகிற தட்டு.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றான். அந்த வெயிலிலும் அவனுக்குக் குளிர்ந்தது.

"இன்னும் ஒரு வாரம் பொறுத்து வாயேன் ராணி" என்று போன் பண்ணினான்.

"எங்கன போய்ப் பொறுக்கச் சொல்லுதீய?" அவள் குரல் அடங்கி வந்தது. "பிள்ள அழுதா மதினி கதவ அறைஞ்சு சாத்துதாவ. நேத்து வெந்நி வைக்கப் போனா, கேஸ மூடிட்டுப் போயிட்டாவ. அந்தத் தகரத்துல என்னதான் இருக்கு? பாம்பா, பேயா?"

என்னவென்று சொல்வான்? உமி இறங்குகிறது என்றா? அவனே இத்தனை நாளும் மில்லில் சாக்கு விரித்துத்தான் படுத்திருந்தான். கூட்டிப்போக வேறு கூரை இல்லை. சுவரின் மேல்விளிம்பு கண்ணில் படாதபடி மரச்சட்டம் ஒன்றை வைத்து ஆணி அடித்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினார்கள். குற்றாலலிங்கம் வந்து, ஒரு மடக்குக் குடித்து, "அரமனை கணக்கால்லாலே இருக்கு, குளுகுளுன்னு" என்று சுவரைத் தட்டிவிட்டுப் போனார். முத்துராணி ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை முப்பிடாதி பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மத்தியானம் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு பெரிதாக வைத்திருந்தாள்.

"வாய்க்கால்ல துணிய அலசிட்டு இந்தா வந்திருதேன். சிணுங்குனா பைய ஆட்டுங்க, போதும்."

"நான் அலசிட்டு வாரேன். நீ இரி."

"பீத்துணிய நீங்க அலசவா? ஊரு சிரிக்கும்" என்று சிரித்துக்கொண்டே வாளியோடு போய்விட்டாள்.

அவன் தொட்டில் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நீலப்பூச் சேலையில் பிள்ளையின் குதிகால் சின்னதாகப் புடைத்துத் தெரிந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளே குளுமையாகத்தான் இருந்தது. மின்விசிறி கிர்ரென்று சுற்றியது. பால் பொங்கிய வாசனை இன்னும் போகவில்லை.

ரெண்டு தட்டு. ஒரு தட்டு.

எழுந்தான். ஒரே எட்டுதான் மக்களே. உள்ளங்கையைச் சுவரில் வைத்தான்.

தட்டு நின்றுவிட்டது.

திரும்பினான். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதே கனம். அதே ஆட்டம். குதிகாலைக் காணோம்.

சேலையை விலக்கினான்.

உமி. குவித்து வைத்த உமி. தொட்டால் உடம்புச் சூடு இருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. அதன் ஓரத்தில் கறுப்பாக, ஈரம் காயாமல், திருஷ்டிப் பொட்டு.

மேலே பார்த்தான். ஆற்றுப்பக்கத்துச் சுவரின் மரச்சட்டத்துக்கு மேல் உமி தளும்பி நின்றது. முதல் தடவையாக அந்தச் சுவர் நிறைந்திருந்தது.

உள்ளே பிள்ளை அழுதது.

ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைத்தான்? கிடைக்கவில்லை. கடப்பாரையை விட்டு நெம்பினான். போர்டு பிளந்து விழுந்தது. உமி சரியவில்லை. வெட்டி நிறுத்திய மண் மாதிரி அப்படியே நின்றது. கையை விட்டான். நாலு விரல் போனால் தகரம் தட்ட வேண்டும். மணிக்கட்டு போயிற்று. தகரம் இல்லை. முழங்கை போயிற்று. தகரம் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் வெளியே தகட்டில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் கை அதைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஜில்லென்று இருந்தது. ஆற்றின் அடி மணல் மாதிரி. தோள்வரை விட்டான். கன்னம் உமியில் அழுந்தியது. மூக்கில், வாயில் உமி.

சின்ன விரல்கள் அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டன.

இழுத்தான். வரவில்லை. அவன் கையும் வரவில்லை.

வாசலில் வாளி வைக்கிற சத்தம். "என்னங்க, முழிச்சிட்டானா?"

ராணி என்று கூப்பிட வாயைத் திறந்தான். சத்தம் எழவில்லை. உமிதான் உதிர்ந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் அவள் காலடி வந்தது. தொட்டில் கயிறு கிறீச்சிட்டது.

உள்ளே, பிள்ளையின் விரல் பற்றியிருந்த அவன் கையின் மேல், அகலமாக, சொரசொரப்பாக இன்னொரு கை வந்து படிந்தது.

ரெண்டு தட்டு சடுதியாக.

ஒரு தட்டு பையவாக.