பின்னோக்கி ஏழு சுற்று

மாலை நான்கரை மணிக்கு ஃபிட்டர் தம் அக்கா வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அன்றே அவளைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. பெட்டிகள் தயாராக இருந்தன. அக்கா தயாராக இல்லை.

“நான் வரலடா.”

“என்னக்கா இது, வண்டியே வந்து நிக்குது.”

“நிக்கட்டும். அஞ்சு மணி வரைக்கும் உக்காரு. அப்புறம் நீயே சொல்லு.”

பின்னறையில் அத்தானின் சிறிய லேத் இருந்தது. மேசைமேல் அடங்கிவிடும், உலோகம் கடையும் இயந்திரம். அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஓய்வு நேரங்களில் தம் ஆசைக்காகக் குட்டி நீராவி எஞ்சின்கள் செய்துகொண்டிருந்தார்.

அந்த இயந்திரத்துக்குப் பிறவிக்குறை ஒன்று உண்டு. அதன் முன்புறத்தில் நீளமான திருகுத்தண்டு ஒன்று கிடக்கிறது. வெட்டும் உளியைச் சீராக நகர்த்துவது அதன் வேலை. பெரிய இயந்திரங்களில், தேவையில்லாதபோது அதைத் துண்டித்து வைக்கலாம். இதில் முடியாது. மோட்டார் ஓடினால், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தண்டும் சுழலும்.

அதைத் துண்டிக்க ஒரு லிவர் செய்து பொருத்துவதாக ஃபிட்டர் ஒப்புக்கொண்டிருந்தார். ‘அடுத்த ஞாயிறு’ என்று நான்கு முறை சொன்னார்.

“மாப்ள, நீ சொல்ற ஞாயித்துக்கிழமை எந்தக் காலண்டர்ல வருது? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்,” என்று அத்தான் சிரித்தார்.

நான்காம் ஞாயிறும் கடந்த மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, குனிந்து அளவு பார்த்த அத்தானின் கழுத்து மஃப்ளர் நுனி அந்தத் தண்டில் சிக்கியது.

ஏழு சுற்று. கத்தரித்து எடுத்தபோது ஃபிட்டர்தான் எண்ணினார். சுவிட்ச் அணைந்திருந்தது, வலக்கை விரல்கள் தண்டைப் பற்றியிருந்தன. ஆக, இயந்திரம் நின்ற பிறகும் அத்தான் சிறிது நேரம் உயிரோடு இருந்திருக்கிறார். தண்டைப் பின்னோக்கித் திருப்ப முயன்றிருக்கிறார். மோட்டாரோடு அதைப் பூட்டியிருந்த பல்சக்கரங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த அறையில் இருந்த அக்காவுக்கு இயந்திரம் ஓய்ந்தது கேட்டது. வேலை முடிந்தது என்று நினைத்துத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

அது மூன்று மாதங்களுக்கு முன்பு.

மணி ஐந்து அடித்தது.

கட்.

சத்தம் வந்த பின்னறையின் வாசலுக்கு ஃபிட்டர் போனார். காய்ந்த எண்ணெயின் வாடை; அதனடியில், கருகிய கம்பளியின் வாடை. மோட்டாரின் வயர் பிடுங்கப்பட்டுத் தரையில் சுருண்டு கிடந்தது. எதுவும் அசையவில்லை, தண்டைத் தவிர. சக்கரங்களின் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியில் அது பின்னோக்கி நகர்ந்தது; முட்டியது; நின்றது.

கட்.

மறுபடியும் நகர்ந்தது.

கட்.

“தினமும் கால் மணி நேரம்,” அக்கா கிசுகிசுத்தாள். “திருப்பப் பாக்குறாரு. அது விடமாட்டேங்குது. இப்படி மாட்டிக்கிட்டுக் கிடக்குறவரை விட்டுட்டு நான் எங்கடா வர்றது?”

“அக்கா… அந்த லிவரை நான் அப்பவே…”

“தெரியும். இப்பச் செய்.”

மறுநாள் காலை ஃபிட்டர் தண்டைக் கழற்றித் தம் பட்டறைக்கு எடுத்துச் சென்றார். மோட்டார்ப் பக்கத்து நுனியில் அதை இரண்டாக அறுத்தார். இரு துண்டுகளுக்கும் மேலாக ஓர் எஃகு உறை. லிவரைத் தள்ளினால் உறை நகர்ந்து அவற்றை இணைக்கும், இழுத்தால் பிரிக்கும். நான்கு மணிக்குள் திரும்பிவந்து பொருத்தியும் விட்டார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முடியாத வேலைக்கு ஒரு பகல் முழுதாகத் தேவைப்படவில்லை.

லிவரை இழுத்தார். தண்டு தனித்து நின்றது.

இருவரும் சுவரோரம் நின்றார்கள். மணி ஐந்து அடித்தது.

தண்டு பின்னோக்கி நகர்ந்தது. முட்டவில்லை.

தயங்கியது, நம்ப முடியாததுபோல.

பிறகு சுழன்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. அவசரமில்லாமல், விரலால் சுழற்றுவதுபோல, விட்டு விட்டுச் சுழன்றது. அக்காவின் உதடுகள் ஓசையின்றி எண்ணின.

ஏழு.

தண்டு நின்றது. அந்தச் சிறிய அறையில், மேசைக்குச் சற்று மேலே, நெடுநேரம் அழுத்தப்பட்டிருந்த தொண்டை ஒன்று மூச்சை உள்ளே இழுத்தது. நீளமாக. கரகரப்பாக. முழுமையாக.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் ஐந்து மணிக்குச் சத்தமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அக்கா தன் பெட்டிகளில் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டாள்.

“இன்னொண்ணை நீ தூக்கு. முதுகு வலி, கழுத்து வலின்னு ஆரம்பிக்காத.”

மூன்று மாதத்தில் அவள் செய்த முதல் கேலி அது. அவள் வாசலுக்குப் போனாள். ஃபிட்டர் ஜன்னலைச் சாத்தப் பின்னறைக்கு வந்தார்.

லிவர் நகர்ந்தது.

உறை நழுவிப்போய்த் துண்டுகளை இணைத்தது. மீண்டும் நழுவிப் பிரித்தது. இணைத்தது. பிரித்தது. புதிய கருவி கைக்கு வந்தவன் அதைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பதுபோல.

ஃபிட்டர் என்ன நினைத்தாரோ, லிவரின்மேல் கையை வைத்தார். அவர் கையின்மேல் இன்னொரு கை அமர்ந்தது. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் குளிர்ந்த ஐந்து விரல்களையும் தெளிவாக உணர முடிந்தது. அவை அவர் கையை மெல்ல நகர்த்தி, உறை சற்று இறுகும் ஓரிடத்தில் நிறுத்தின. இன்னொரு முறை நகர்த்தி, அதே இடத்தில் நிறுத்தின. இங்கேதான் உரசுது, சரிபண்ணு, என்று காட்டுவதுபோல.

“ஏண்டா, கெளம்பலாமா?” வாசலிலிருந்து அக்காவின் குரல். “அவரு போயிட்டாருல்ல?”

அவள் குரலில் இருந்த நிம்மதியை ஃபிட்டர் கேட்டார். கையை இழுத்தார். விரல்கள் நகர்ந்து அவர் மணிக்கட்டைப் பற்றின.

“போயிட்டாருக்கா,” என்றார்.

பிடி இறுகவில்லை, விடவும் இல்லை.