திமிர் ராணி பேசினாள்!

டைரக்டரின் கழுத்தை மைக் ஒயர் இறுக்கிச் சுற்றியிருந்தது.

டப்பிங் தியேட்டரின் கண்ணாடி அறைக்குள், நாற்காலியோடு சாய்ந்து, வாய் பிளந்து கிடந்தார்.

அவருடைய செல்போனுக்கு மட்டும் உயிர் இருந்தது!

இன்ஸ்பெக்டர் அதைக் கைக்குட்டையால் எடுத்து, நேற்று ஏதோ தெரியாத நம்பரிலிருந்து வந்திருந்த வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டார்.

"துரோகி! நாளைக்கு நீ உயிரோட இருக்க மாட்டே..."

தேனில் முக்கியெடுத்த கத்தி போல ஒரு குரல்!

ஏட்டு நெஞ்சில் கை வைத்தார். "ஐயா... நம்ம நடிகை, திமிர் ராணி! தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்!"

"யோவ், பொணத்துக்குப் பக்கத்துல விசிலடிச்சுத் தொலைக்காதே!"

இன்ஸ்பெக்டருக்கும் சந்தேகமில்லை. அந்தக் குரலுக்காகவே கல்லூரிக்கு மட்டம் போட்டவர் அவர்!

சுவரோரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார் தயாரிப்பாளர். அப்பா செத்தபின் கம்பெனிக்கு வந்தவர், எல்லோருக்கும் 'சின்னவர்'.

"என் படத்துல நடிக்க மாட்டேன்னுட்டா சார். ஏன்னு கேட்கப் போனேன்... செருப்பால அடிச்சுட்டா! டைரக்டர்தான் சாட்சி. தயாரிப்பாளர் சங்கம் அவளுக்குத் தடை போட்டுச்சு. சாட்சி சொன்னவருக்கு இந்தக் கதி!"

"பேட்டியே கொடுக்க மாட்டாங்களாமே?"

"பேட்டியா! மேடையேறி ஒரு வணக்கம்கூட சொன்னதில்ல. வாயத் திறந்தா முத்து கொட்டிடுமாம்!"

கதவு திறந்தது.

அவள்!

கறுப்புக் கண்ணாடி. நிமிர்ந்த தலை. யாருக்கும் வணக்கம் இல்லை.

இன்ஸ்பெக்டர் மெசேஜை மறுபடி ஓடவிட்டார். அவள் கண்ணாடிக்குக் கீழே ஒரு சொட்டு உருண்டது.

"பாருங்க சார்! குத்தமுள்ள நெஞ்சு!" என்றார் சின்னவர்.

"மேடம், இது உங்க குரல்தானே?"

மௌனம்.

"பேசலைன்னா விலங்குதான்!"

வாயைத் திறந்தால் தொழில் போகும். மூடிக்கொண்டால் உயிர் போகும்...

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இல்ல."

இன்ஸ்பெக்டர் சட்டென்று பின்னால் திரும்பினார். யார் பேசியது? தகர டப்பாவைத் தரையில் இழுத்தது போல...

"நான்தான் சார். இதுதான் என் குரல். படத்துல நீங்க கேட்டதெல்லாம் எங்கக்கா பேசினது."

"அடி ஆத்தி!" ஏட்டின் தொப்பி கீழே விழுந்தது.

"இந்த முகத்துக்கு இந்தத் தொண்டை ஆகாதுன்னுட்டார் இவரோட அப்பா, பெரியவர். வெளியில எங்கயும் பேசக் கூடாதுன்னு அக்ரிமென்ட். பெத்த பிள்ளைக்கும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துட்டார்."

சின்னவர் முகம் வெளுத்தது. "அப்ப... அப்ப அக்காதான் மிரட்டியிருக்கா! அவளைப் பிடிங்க சார்!"

"பிடிங்க. சுடுகாட்டுல இருக்கா. போன வருஷமே போயிட்டா. எனக்காகப் பேச ஆளில்ல... அதான் சின்னவரே, உங்க படம் வேண்டாம்னேன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "போன வருஷம் செத்தவங்க நேத்து மெசேஜ் அனுப்பினாங்களா?"

"அது டயலாக் சார்! பெரியவர் எடுத்து, ரிலீஸ் ஆகாம முடங்கின படம். அக்கா இதே ரூம்ல பேசினது. அந்தப் பதிவு இவரோட லாக்கர்ல இருக்கு. ஒரே சாவிதான்... அதோ, இடுப்புல!"

சின்னவரின் கை, தானாக இடுப்பை மூடியது.

"செருப்படி கதையே பொய். நாளைக்குச் சங்கத்துல உண்மையைச் சொல்லிடறேன்னு நேத்து டைரக்டர் போன்ல அழுதார். உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரே, சின்னவரே?"

சின்னவர் கதவை நோக்கிப் பாய்ந்தார். ஏட்டின் கால் குறுக்கே நீண்டது. தொபீர்!

விலங்கு மாட்டியது.

அவள் அவரருகில் குனிந்தாள்.

"என்னைத் திமிர் பிடிச்சவள்னீங்க... பொறுத்துக்கிட்டேன். சோத்துல மண்ணைப் போட்டீங்க... பொறுத்துக்கிட்டேன். செத்தவ குரலைக் கொலைக்குக் கூட்டிட்டு வந்தீங்க பாருங்க... அதுக்குத்தான் வாயைத் திறந்தேன். தொழில் போனாப் போகட்டும்! நீங்க உள்ள போகணும்!"

"தெரியாம பண்ணிட்டேம்மா... போயிடாதே! எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்!"

அவள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"பேசக் கூடாதுன்னு அக்ரிமென்ட் போட்டதே உங்கப்பாதானே!"