ஒருவழி வால்வு

நீராவித் திருகை மூடிய பிறகும் சத்தம் நிற்கவில்லை.

அவன் இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தான். வேலை மேசையில், மரத் தாங்கி மேல் உட்கார்ந்திருந்த படகின் எஞ்சின் அசையவில்லை. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத பிஸ்டன் பாதி வழியில் நின்றிருந்தது. பர்னரும் அணைந்திருந்தது, செம்புப் பாய்லர் மட்டும் ஆறிக்கொண்டே டிக் டிக்கென்று முனகியது. ஆனாலும் அந்தப் புஸ்... புஸ்... அதே தாளத்தில், அதே இடைவெளியில், சூடான எண்ணெய் வாசனையோடு கேட்டுக்கொண்டே இருந்தது. அலமாரியில் வரிசையாக இருந்த பிளாஸ்டர் தாடைகள் வாயைத் திறந்தபடி அவனைப் பார்த்தன. சத்தம் அங்கிருந்து வரவில்லை. அடுத்த அறையிலிருந்து வந்தது.

கதவுத் திரையை விலக்கினான். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் மேல் விழுந்திருந்தது. மகள் சிட்டு குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு ஏறி இறங்கியது. புஸ். புஸ். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்லத் தளர்ந்து, ஒருமுறை மொத்தமாக நின்று, பிறகு எல்லாக் குழந்தைகளும் விடுகிற சாதாரண மூச்சாக மாறியது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டான். படித்தவன், கைத்தொழில் தெரிந்தவன், வேறு என்ன சொல்லிக்கொள்வான்?

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து தருவது அவன் பிழைப்பு. தெருவில் எல்லோருக்கும் பல்லுக்காரர். நாளெல்லாம் ஊரார் ஈறுக்கு இளஞ்சிவப்பு மெழுகு வைத்து அலுத்துப்போய்த்தான் இந்தப் பொம்மை நீராவிப் படகு செய்வதில் இறங்கினான். உண்மையான பாய்லர், உண்மையான எஞ்சின், கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டலாம். பாய்லரை அவனே செம்புக் குழாயில் வெட்டி, வெள்ளிப் பற்று வைத்து ஒட்டினான். தண்ணீர் ஏற்ற மேலே ஒரு ஒருவழி வால்வு. எதுவும் அதன் வழியாக உள்ளே போகும், வெளியே வராது. அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு. அவ்வளவுதான்.

ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பாய்லரை வாளித் தண்ணீரில் அமுக்கி உள்ளே காற்றை ஊதுவார்கள். ஓட்டை இருந்தால் குமிழி வரும். முன்பு ஒருநாள் அப்படிப் பார்த்தபோது அவனுக்கு இரண்டு கையும் பாய்லரை அமுக்குவதிலேயே போனது. சைக்கிள் பம்பு பக்கத்து வீட்டில் இருந்தது. போய்க் கேட்கச் சோம்பல். சிட்டு வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். பிறந்ததிலிருந்தே இளைப்புக்காரி, மாடிப்படி ஏறினாலே நெஞ்சு கீச்சிடும். அவளைக் கூப்பிட்டு, ஒருவழி வால்வில் மாட்டிய ரப்பர் குழாயை வாயில் கொடுத்தான்.

"ஊது. நல்லா ஊது."

"மூச்சு முட்டுதுப்பா."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. என் தங்கம்ல?"

கண்ணில் நீர் முட்ட ஊதினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. அவனுக்கு வந்த சந்தோஷத்தில், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அன்று முதல் அவளுக்கு இளைப்பே வரவில்லை. மனைவி சாமி படத்துக்குத் தினமும் பூ வைத்தாள். டாக்டர் வளர வளரச் சரியாகும் என்றார். எல்லோருக்கும் நிம்மதி.

சிட்டுவின் மூச்சு அந்தப் பாய்லருக்குள் இருந்தது. வெளியே வரவில்லை.

இதை அவன் அந்த மத்தியானமே, அடுத்த அறையில் சத்தம் கேட்டபோதே நம்பியிருக்கலாம். நம்பாமல் சோதித்துப் பார்த்தான். மறுநாள் மனைவி கடைக்குப் போன நேரம், சிட்டு கட்டிலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பர்னரைப் பற்றவைத்து, நீராவி ஏறியதும், ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு அறைக்கும் நடுவில் நின்றான். இடது குச்சி சுக்கானுக்கு, வலது குச்சி நீராவிக்கு. வலது குச்சியைக் கொஞ்சம் தள்ளினான். பின்னால் எஞ்சின் ஓட ஆரம்பித்தது. முன்னால் அவள் மூச்சும் ஓட ஆரம்பித்தது. இன்னும் தள்ளினான். அவள் தோள் குலுங்கியது, கிரேயான் கையிலிருந்து நழுவியது. ஆனால் கட்டைவிரல் குச்சியை விடவில்லை. விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா. தெரிந்துகொள்ளாமல் எப்படி விடுவது? முந்தின நாள் பர்னர் அணைந்த பிறகுதான் நீராவியை மூடியிருந்தான்; இன்று அது எரியும்போதே குச்சியை அடிவரைக்கும் இழுத்தான்.

எஞ்சின் நின்றது. சிட்டு வாயைத் திறந்து அவனைப் பார்த்தாள். திறந்த வாய்க்குள் எதுவும் போகவில்லை, எதுவும் வெளியே வரவில்லை. உதடு நீலம் பாரித்தது. விரல்கள் விரிப்பைப் பிறாண்டின. அவன் பார்த்துக்கொண்டு நின்றான், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. பிறகுதான் குச்சியைத் தள்ளினான்.

"யாரோ என் நெஞ்சு மேல உட்காந்தாங்கப்பா," என்றாள், மூச்சு திரும்பியதும்.

"யாரும் இல்லடா. கனவு."

"நான் தூங்கலையே."

பர்னர் அணைந்து பாய்லர் ஆறிய பிறகும் அவள் மூச்சு ஒழுங்குக்கு வர முன்னைவிட அதிக நேரம் பிடித்தது. அன்று சாயங்காலம் அடித் திருகைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடலாம் என்று நினைத்தான். ஸ்பேனரை வைத்து ஒரு முடி அளவு திருப்பினான். சீ என்று மெல்லிய இழையாகக் காற்று வந்தது; அதில் பால் வாசனை, குழந்தை வாய் வாசனை. அடுப்படியில் தட்டு விழுந்து உடைகிற சத்தமும், "என்னடி ஆச்சு!" என்று மனைவி கத்துவதும் கேட்டது. பதறிப்போய்த் திருகை இறுக்கினான். வெளியே விட்டால் அது அவளிடம் திரும்பிப் போகாது, காற்றோடு போகும். அது இப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது.

படகைத் துணியில் சுற்றிப் பீரோ மேல் வைத்தான். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மனைவி முதலில் கேட்பது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்வதைவிடச் சாவது மேல் என்று அவனுக்குத் தோன்றியது.

பீரோ மேல் அது சும்மாதான் இருந்தது. பாய்லர் குளிர்ந்திருந்தவரை சிட்டுவும் நன்றாகத்தான் இருந்தாள். சாப்பிட்டாள், சண்டை போட்டாள், பாடத்தை மறந்தாள். பீரோ இருந்த அறைக்குள் மட்டும் வர மறுத்தாள். அவளும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவனும் பார்ப்பதில்லை. மனைவி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் கிளினிக்கில் பல்செட் கொடுத்துவிட்டு வீடு திரும்பினான். செருப்பைக் கழற்றும்போதே பீரோ மேல் வெறும் துணி தொங்குவது தெரிந்தது.

"அது எங்க?"

"என் தம்பி வந்தான். எடுத்துட்டுப் போடான்னு குடுத்துட்டேன்." மனைவி சிட்டுவின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். "அந்தச் சனியன் வந்ததுலேருந்து இந்த வீட்ல யாரு முகமும் சரியில்ல. ஏரியில விட்டுப் பாக்கறேன்னான்."

மச்சினன் டி.வி. ரிப்பேர் செய்கிறவன். ரிமோட்டும் ரிசீவரும் படகில் பொருத்திக் கொடுத்ததே அவன்தான். கேஸ் நிரப்பவும் பற்றவைக்கவும் அவனுக்கு அத்துப்படி.

"எப்போ போனான்?"

"இந்நேரம் போய்ச் சேந்திருப்பான். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

அவன் ஃபோனை எடுத்தான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டான். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துச் சாத்தினார்கள். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மணிச் சத்தத்துக்கு நடுவே, தரையில் உட்கார்ந்திருந்த சிட்டு நிமிர்ந்தாள்.

புஸ்.

"அப்பா," என்றாள். புஸ். "கால்—" புஸ். "ஜில்லுன்னு—" புஸ். "இருக்கு."

மனைவி சீப்பைக் கீழே போட்டாள். "என்னது இது? ஏங்க, இவ மூச்சைப் பாருங்க!" இளைப்புக்கு அடிக்கிற பம்பைத் தேடி ஓடினாள். அவன் நகரவில்லை. அவனுக்குச் சிட்டுவின் நெஞ்சிலிருந்தே எல்லாம் கேட்டது. படகு நேராகப் போகிறது. வேகம் கூடுகிறது. வளைகிறது. மச்சினன் வலது குச்சியை முழுக்கத் தள்ளிவிட்டான்; குழந்தையின் விலா அடித்துக்கொண்டது.

"மாமா!" ஃபோனில் மச்சினன் குரல், காற்று இரைச்சலோடு. "என்னமா போகுது தெரியுமா! உங்க பொம்மைய ஆட்டைய போட்டேன்னு கோவமா?"

"நிறுத்தாத. மெதுவா கரைக்குக் கொண்டு வா. நிறுத்திடாத மாப்ள."

"அட, நல்லாத்தானே— இருங்க இருங்க. பாசிக்குள்ள போயிடுச்சு."

சிட்டுவின் தொண்டையில் கயிறு இறுகுவதுபோல ஒரு சத்தம். கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கையாலும் எதையோ கழுத்திலிருந்து பிய்த்தெறியப் பார்த்தாள். ஒன்றும் இல்லாத இடத்தில் பிய்த்தாள். மனைவி பம்பை அவள் வாயில் வைத்து அமுக்கினாள். மருந்து புகையாக வெளியே வந்தது. உள்ளே போகவில்லை.

"ரிவர்ஸ் குடுத்துட்டேன் மாமா. வந்துடுச்சு. வருது, வருது."

புஸ். புஸ். இப்போது சிறியதாக.

கேஸ் தீர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வற்றிப் பாய்லர் வெறுமையாகக் காயக் கூடாது, கேஸ்தான் முதலில் தீர வேண்டும் என்று கேஸ் டப்பாவைப் பார்த்துப் பார்த்துச் சின்னதாகச் செய்தவன் அவனே. கெட்டிக்காரன்.

"கரைக்கு வந்துடுச்சு மாமா. தீ அணைஞ்சு போச்சு. பிரஷர் ஊசி இறங்குது. ஆனா எஞ்சின் நிக்க மாட்டேங்குது பாருங்க, லேசா ஓடிக்கிட்டே இருக்கு. மாயமா இருக்கே!"

சிட்டு மனைவியின் மடியில் சாய்ந்திருந்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தாள், லேசாக. கண் அவனையே பார்த்தது. இன்னும் உயிர் இருந்தது. இந்த முறை பாய்லர் ஆறினால் மூச்சு திரும்பும் என்று அவனுக்கு நம்பிக்கை இல்லை. ஆறுவதற்குள் அப்படியே கொண்டுவந்துவிட்டால் போதும். மேசையில் பெரிய பர்னர் இருக்கிறது. பாய்லருக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்க, நாளைக்கு முழுக்க, ஆயுசு முழுக்க எரிக்கலாம். சொல்லிவிட வேண்டும். என் மகள் மூச்சு அதில் இருக்கிறது என்று ஒரு வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. மனைவி தலை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பாய்லர்ல விரிசல் இருக்கு மாப்ள," என்றான். "வெடிச்சிடும். எதையும் தொடாத. அப்படியே தூக்கிட்டு வா."

"ஐயையோ! இதை முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?"

ஃபோனில் செருப்புச் சத்தம். கார் கதவு திறக்கும் சத்தம். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பெட்டிக்குள் கை விட்டுக் கிளறுகிற சத்தம், இரும்பும் இரும்பும் உரசும் சத்தம்.

"என்ன பண்ற?"

"விரிசல் விட்டதைப் பிரஷரோட காருக்குள்ள வைக்க முடியுமா? நீங்கதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க, இறக்காம எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு. அடித் திருகைக் கழட்டிட்டு வர்றேன்."

"கழட்டாத!" அவன் கத்தினான். "சிட்டு செத்துடுவா! மூடு! மூடுடா!"

மனைவியின் கை நின்றது. "என்ன சொன்னீங்க?" என்றாள், மிக மெதுவாக.

"சிட்டுவா? அவ எங்க இங்க இருக்கா?" மச்சினனுக்கு ஒன்றும் புரியவில்லை. "திருகு கையோட வந்துடுச்சு மாமா. உள்ள ஏதோ தள்ளுற மாதிரி துள்ளித் தண்ணியில விழுந்துடுச்சு."

"விரல வச்சு அடை!"

"சுடுது மாமா. பயப்படாதீங்க, வெறும் காத்துதான்."

சீ என்று தொடங்கியது. ஃபோனிலும், மனைவியின் மடியிலும். சிட்டுவின் வாய் திறந்திருந்தது. பாதி பின்னிய சடை தோளில் அவிழ்ந்தது. நெஞ்சு இறங்கியது. மூச்சு விட்டால் இறங்குகிற அளவுக்கு இறங்கி, அங்கே நிற்காமல் இன்னும் இறங்கியது. மனைவி உள்ளங்கையை அங்கே வைத்தாள். கை கூடவே போனது. விலா எலும்பு ஒவ்வொன்றாகச் சட்டைக்கு மேல் எழுந்தது. சட்டை மடிந்து உள்ளே விழுந்தது. கன்னம் பல்லோடு ஒட்டியது. கண் மட்டும் அவனை விடவில்லை.

"நிக்கவே மாட்டேங்குதே!" மச்சினன் சிரித்தான். "இத்தனூண்டு பாய்லர்ல இவ்வளவு காத்தா? இருங்க, கிட்ட வைக்கிறேன், நீங்களும் கேளுங்க."

கிட்ட வைத்தான்.