மூட்டை கட்டும் வீடு

வாசற்படிக்கு வெளியே நின்றபடியே ஒராஸ்பேக் சாவியை நீட்டினான்.

"உள்ள வந்து குடுங்க அண்ணே. படியைத் தாண்டிக் கை நீட்டி வாங்கினா வீடு விளங்குமா?" என்றாள் ரைகான்.

"விளங்கும், விளங்கும். புது பல்பு போட்டிருக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. சாவியை அவள் கைப்பை மேல் போட்டுவிட்டு, பனி உறைந்த மரப்படிகளில் இரண்டிரண்டாக இறங்கிப் போனான். சொந்த வீட்டுக்குள் கால் வைக்கப் பயப்படும் வீட்டுக்காரனை ரைகான் அன்றுதான் பார்த்தாள்.

கராகண்டா நகரின் பழைய நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில், மாடியில் எதிரும் புதிருமாக இரண்டே குடித்தனம். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு கரி அடுப்பு. புகை குடித்துக் குடித்துச் சுவர்கள் கறுத்திருந்தன. கதவோரத்தில் மட்டும் ஒரு வாசனை; ஈரச் சாக்கை நெடுநாள் மூடி வைத்துத் திறந்தது போல.

அவளுக்கு வாசனையைப் பற்றி யோசிக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வருவாள். ஏழு வயதுப் பெண் பிள்ளை வாழத் தகுந்த வீடு என்று அவள் எழுதினால், முன்னாள் கணவன் வீட்டில் இருக்கும் இன்ஜு அம்மாவிடம் வந்துவிடுவாள். எழுதாவிட்டால் வரமாட்டாள். ஆறே நாள்தான் இருந்தது.

ரைகானுக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை. பகல் முழுக்கக் கை சும்மா இருக்கவில்லை. சந்தையில் தள்ளிவிட்ட மிச்ச வால்பேப்பர் சுருள்கள்: ஒன்று நீலப்பூ, ஒன்று கோடு, ஒன்றில் யாரோ பாதி கிழித்த மாதுளங்கொத்து. ஆலைத் தரையில் கூட்டி அள்ளிய மாவைச் சலித்துக் காய்ச்சினால் பசை. வெங்காயத் தோலில் வேகவைத்த பழைய படுக்கை விரிப்பு, தேன் நிறத் திரைச்சீலை ஆயிற்று. ஆப்பிள் பெட்டிகளை அடுக்கி அலமாரி. கம்பளி விரிப்பில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை. அதன் மேல் கட்டில் காலைத் தூக்கி வைத்தாள். தன் கல்யாண வெல்வெட்டை வெட்டி இன்ஜுவுக்குத் தலையணை தைத்தாள். அந்தக் கல்யாணத்தில் உருப்படியாக மிஞ்சியது அந்தத் துணி ஒன்றுதான்.

வால்பேப்பர் மட்டும் ஒற்றையாள் வேலை இல்லை. முக்காலியில் ஏறி ஒருத்தர் மேல் முனையை ஒட்ட வேண்டும். இன்னொருத்தர் கீழ் முனையைப் பிடித்து நேராக்க வேண்டும். கீழே பிடிக்க ஆளில்லாததால் துணிக் கிளிப்பை மாட்டி, அதில் வாணலியைத் தொங்கவிட்டாள். கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் சாயங்காலத்துக்குள் ஒரு சுவர் நீலமாகப் பூத்துவிட்டது. திருப்தியோடு வேலைக்குப் போனாள்.

மறுநாள் காலை வந்து கதவைத் தள்ளினால், கதவு எதிலோ இடித்தது.

மூட்டை.

அவளுடைய விரிப்பில், அவளுடைய திரைச்சீலை, அவளுடைய பாத்திரங்கள். நீலப்பூத் தாள்கள் ஒரு கிழிசல் இல்லாமல் உரிக்கப்பட்டு, சுருட்டி, நடுவில் செருகப்பட்டிருந்தன. சுவரில் அடித்த ஆணிகள் பிடுங்கப்பட்டு ஜன்னல் விளிம்பில் வரிசையாகப் படுத்திருந்தன. எதுவும் திருடு போகவில்லை. எதுவும் உடையவில்லை. ஊருக்குக் கிளம்புகிறவள் கட்டி வைத்த மாதிரி அவ்வளவு அக்கறையாகக் கட்டியிருந்தது.

கட்டியிருந்த கயிறு மட்டும் அவளுடையது அல்ல. கரித்தூள் ஏறிக் கறுத்த, விரல் தடிமன் கயிறு. முடிச்சு அவிழவில்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம். கடைசியில் கத்தியால் அறுத்தாள்.

"என்னை மூட்டை கட்டச் சொல்றியா?" என்று வெற்றுச் சுவரைப் பார்த்துக் கேட்டாள். "போடா வேலையைப் பாத்துக்கிட்டு!"

வீட்டுக்காரன் வேலையாக இருக்கும் என்றுதான் அப்போது நினைத்தாள். புதுப் பூட்டு மாட்டி, சுவரை மறுபடி ஒட்டினாள்.

மறுநாளும் மூட்டை. அதே கயிறு. அவள் அறுத்த இடத்தில் அறுத்த தடமே இல்லை.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஃபரீதா திறந்தாள்; ஐம்பது வயது, தாத்தார் இனத்துக்காரி, வாயும் இடுப்பும் அகலம்.

"இன்னும் இருக்கியா நீ? உனக்கு முந்தி நாலு பேரு வந்தாங்க. போன ஆளு ரெண்டே நாள்ல ஓடிட்டான். அவனுக்கு நீ தேவலை" என்றாள்.

"அக்கா, என் வீட்டுக்குள்ள யாரு வர்றா?"

"வர்றதா? யாரும் வரலைடி." ஃபரீதாவின் குரல் சட்டென்று இறங்கியது. "போகவே இல்லை."

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் ஒருத்தி தனியாகக் குடி வந்தாளாம். மூன்று வாரம் இருந்தாள். தண்ணீர் எடுக்கப் போகையில் தலையைக் குனிந்துகொண்டே போவாள். ஒருநாள் கரி அணையும் முன்பே அடுப்பின் புகைபோக்கி மூடியை மூடிவிட்டாள். கரிப்புகை அறையிலேயே தங்கிவிட்டது. பதினோரு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள்.

"வாசலோரமா உக்காந்திருந்தா. பக்கத்துல மூட்டையெல்லாம் கட்டி ரெடியா இருந்துச்சு. மறுநாள் ஊரைப் பாக்கக் கெளம்பிடலாம்னு இருந்திருக்கா."

"பேரு என்ன?"

ஃபரீதா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கேக்கலைடி. யாரும் கேக்கலை."

"எருலிக் கூடவா குடுக்கலை?"

புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்கினால், முந்தி இருப்பவர்கள் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும். அதுதான் எருலிக். அதைச் சாப்பிட்டவர்தான் அக்கம்பக்கத்து ஆள், அதுவரைக்கும் வழிப்போக்கர்.

"இன்னிக்கி நாளைக்கின்னு தள்ளிப் போட்டேன்." ஃபரீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உனக்குந்தான் போடலை. ஓடிடுவேன்னு நெனச்சேன், இறைச்சியை எதுக்கு வீணாக்கணும்னு. இப்ப என்ன, ஏழு ஷெல்பெக் சுட்டு வெய்யி. செத்தவங்களுக்கு எண்ணெய் வாசனை போய்ச் சேந்தா அடங்கிடுவாங்க."

புதன்கிழமை காலை ரைகான் எண்ணெயில் ஏழு ஷெல்பெக் ரொட்டி சுட்டாள். வட்ட வட்டமாக, பொன்னிறமாக. இறந்தவர்களுக்கான துஆவை ஓதி, தட்டில் அடுக்கி மேஜையில் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். ஜன்னலுக்கு வெளியே பனியில் வெயில் பட்டு, அறை முழுக்கக் கண் கூசும் வெள்ளை வெளிச்சம். பட்டப்பகல். அந்த வெளிச்சத்தில் யாருக்குத்தான் பயம் வரும்?

குளிர் எழுப்பியது.

கண்ணைத் திறக்கவில்லை. மேலே போர்வை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஈரச் சாக்கு வாசனை.

கதவோரத்தில் ஏதோ உரசியது. சர்ர்ர்... பிறகு ஓர் இறுக்கம். முழங்காலை மூட்டையில் ஊன்றிக் கயிற்றை இழுக்கும்போது வருமே ஒரு மூச்சு, அது.

ஹ்ம்ம்...

ரைகான் எழுந்து உட்கார்ந்தாள்.

யாருமில்லை. மூட்டைதான் இருந்தது. கயிற்றின் நுனி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

ஆடி, நின்றது.

மேலே ஏழு ஷெல்பெக்குகளும் ஒரு துணியில் பொதியப்பட்டிருந்தன, வழிப்பயணத்துக்குக் கட்டிய சோறு மாதிரி. பக்கத்தில் அவளுடைய போர்வை நாலாக மடித்து. அதற்கும் கீழே, கயிறு நடுவில் அழுத்திப் பிதுங்க, இன்ஜுவின் வெல்வெட் தலையணை.

அதைப் பார்த்ததும் பயம் போன இடம் தெரியவில்லை.

"என் பிள்ளை தலகாணியையா கட்டுறே?" கத்தியை எடுத்து ஒரே அறுப்பில் கயிற்றை அறுத்தாள். "கேட்டுக்கோ. நாலு பேரை ஓட்டினே. நான் அஞ்சாவது இல்லை. எனக்குப் போக வேற இடமே கிடையாது. உனக்கும் கிடையாது போல. இருந்தா ரெண்டு பேரும் இருப்போம், மூட்டை மட்டும் இனிமே இந்த வீட்ல கட்டக் கூடாது!"

சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஏழு ரொட்டி, போகிறவளை வழியனுப்பத்தான். செத்துப்போனவளை எல்லோரும் போகச் சொல்லித்தான் பழக்கம். இருக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லை.

வியாழக்கிழமை காலையில் வேலை முடிந்த கையோடு சந்தைக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கினாள். மாவைத் தேய்த்துப் பட்டையாக வெட்டி, கறியோடு பெஷ்பர்மாக் வேகவைத்தாள். கம்பளியில் விரிப்புப் போட்டு மூன்று கிண்ணம் வைத்தாள். பிறகு எதிர்க்கதவைத் தட்டினாள்.

"அக்கா, வாங்க. எருலிக்."

"யாருக்கு?"

"உங்களுக்கே தெரியும். ஆறு வருஷ பாக்கி இது, நீங்களும் வந்து உக்காருங்க."

ஃபரீதா உள்ளே போய், ஒரு தட்டு நிறைய பவுர்சாக் என்ற பொரித்த மாவுருண்டைகளோடு வந்தாள். வாசற்படியில் ஒரு விநாடி நின்றாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது காலை வைத்து உள்ளே வந்தாள்.

ரைகான் கதவோரத்து வெற்று மூலையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இன்னியிலிருந்து கணக்கு இப்படி: இந்த வீட்ல நான் முந்தி வந்தவ. சுவரு ஒட்டினது நான், அடுப்பு மூட்டினது நான். நீதான் புதுசா வந்திருக்கே. வா, உக்காரு. சாப்பிடு."

ஃபரீதா மூன்றாவது கிண்ணத்தில் விளிம்பு தளும்பத் தேநீர் ஊற்றினாள்.

"என்னக்கா இது!" ரைகான் கிண்ணத்தைப் பிடுங்கிப் பாதியைக் கொட்டினாள். "நெறைய ஊத்தினா குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தமாகிடும். பாதி ஊத்துங்க. திரும்பத் திரும்ப ஊத்தணும்."

மூவருக்கும் போட்டதில் இருவர் சாப்பிட்டார்கள். மூன்றாவது கிண்ணத்திலிருந்து எழுந்த ஆவி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு வளைந்தது.

யாரோ குனிந்து ஊதிக் குடிப்பது போல.

"நான் பாத்திரம் கழுவறேன்" என்று ஃபரீதா சமையற்கட்டுக்குள் பாய்ந்தாள்.

மீதிக் கறியை ஒரு தட்டில் வைத்து, வழக்கமாக மூட்டை இருக்கும் அந்த மூலையில் வைத்தாள் ரைகான். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நாளைக்கு அலுவலக அம்மாள் வருகிறாள். நான்கு சுவரும் மொட்டை. பசையைத் தடவி, மாதுளங்கொத்துத் தாளைத் தூக்கிக்கொண்டு முக்காலியில் ஏறினாள். மேல் முனையை ஒட்டியதும் வழக்கம்போலக் கீழே தாள் சுருண்டு அலைந்தது.

சட்டென்று இறுகியது.

கீழ் முனையை யாரோ பிடித்துவிட்டார்கள்.

"அப்படித்தான்க்கா. கொஞ்சம் இடப்பக்கம்" என்றாள் ரைகான், திரும்பாமல்.

தாள் இடப்பக்கம் நகர்ந்தது. அடியிலிருந்து ஓர் உள்ளங்கை தேய்ப்பது போலக் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலேறி மறைந்தன. குண்டூசி நுழையாத நேர்த்தி.

"நல்லாப் புடிக்கிறீங்க."

"என்னடி சொன்னே?" என்று ஃபரீதா கேட்டாள்.

சமையற்கட்டிலிருந்து.

கீழே பார்க்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம். பார்க்கவில்லை. ரைகான் அடுத்த தாளுக்குக் கையை நீட்டினாள்.

"ஒண்ணுமில்லைக்கா. பக்கத்துவீட்டுக்காரி கூடப் பேசிக்கிட்டிருக்கேன்."

மூலையில் வைத்த கறித் தட்டு சாயங்காலம் அங்கே இல்லை. வெள்ளி காலை மூட்டையும் இல்லை.

அலுவலக அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு சுவராக வந்தாள். ஒரு சுவர் நீலப்பூ, ஒரு சுவர் கோடு, ஒரு சுவர் மாதுளை, நான்காவதில் மூன்றின் மிச்சமும். தேன் நிறத் திரையைத் தொட்டாள். ஆப்பிள் பெட்டி அலமாரியை ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. வால்பேப்பரின் இணைப்பில் நகத்தை ஓட்டினாள். நகம் எங்கும் தட்டவில்லை.

"தனியாத்தான் இருக்கேன்னு எழுதிக் குடுத்திருக்கே. இது ஒத்தையாள் வேலை இல்லையே. கீழே யாரு புடிச்சா?"

"பக்கத்துவீட்டுக்காரி, மேடம்."

"அக்கம்பக்கம் ஒத்தாசையா இருக்காங்களா?"

"கூப்பிட்டா இருக்காங்க."

அம்மாள் தாளில் எழுதினாள். நீளமாக எழுதினாள். "திங்கக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கோ."

திங்கட்கிழமை மதியம் இன்ஜு வந்தாள். சிவப்புத் தொப்பி, முன்பல் ஒன்று இல்லை. அறையைச் சுற்றி ஓடி, மாதுளைகளை எண்ணி, வெல்வெட் தலையணையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் குதித்தாள். ரைகான் பால் காய்ச்சச் சமையற்கட்டுக்குப் போனாள். அடுப்பின் புகைபோக்கி மூடியை ஒன்றுக்கு இரண்டு தடவை திறந்து பார்த்தாள்.

"அம்மா, இந்தத் தட்டுல எனக்கு என்னமோ வெச்சிருக்கே!"

எந்தத் தட்டு?

கதவோர மூலையில், காணாமல் போன தட்டு. கழுவித் துடைத்துப் பளபளவென்று. அடுத்த வீட்டுத் தட்டை வெறுமையாய்த் திருப்பித் தருகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. அதில் கறுப்புக் கயிறு இருந்தது. அறுபட்ட தடம் இல்லை. முடிச்சு இல்லை. கத்திக்கு மட்டுமே இணங்கிய அந்த முடிச்சை யாரோ பொறுமையாக அவிழ்த்து, அழகாக வளையமிட்டு வைத்திருந்தார்கள்.

இனி எதையும் கட்டுவதாக இல்லை. எங்கும் போவதாகவும் இல்லை.

பால் பொங்கும் சத்தம் கேட்டு ரைகான் ஓடினாள். இறக்கிவைத்துத் திரும்பும்போது அறையிலிருந்து ஒரு சத்தம். சர்ர்ர்... தப். சர்ர்ர்... தப்.

அறை நடுவில் இன்ஜு கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள். கயிறு வில்லாக வளைந்து தரையைத் தட்டி எழுந்தது. மறுமுனை கதவோர மூலையில், ஒரு பெண்ணின் இடுப்பு உயரத்தில், எதிலும் கட்டப்படாமல் சுழன்றது.

பிள்ளை ஓட்டைப் பல் தெரியச் சிரித்தாள்.

"அம்மா, நீ குதி. நாங்க சுத்துறோம்."

ரைகான் மூலையை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"மெதுவா சுத்துங்க" என்றாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே குதித்தாள்.