ஒரு பிடி முதுவேனில்

புதுக்கரையில் துணி துவைப்பது ஒரு சூதாட்டம். செலஸ்தீனாள் கொடியில் துணியைப் போடும்போது இளவேனில் பல்லைக் காட்டிச் சிரிக்கும். கஞ்சி குடித்துவிட்டு வந்தால், கார்காலம் வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போயிருக்கும். சாயங்காலம் பின்பனி பிடித்து, புருஷன் சட்டை பலகைபோல விறைத்து நிற்கும். அமலதாசின் அந்தச் சட்டையை அவள் மாதம் ஒருமுறை துவைத்துத்தான் வைக்கிறாள். அவன் போய்ப் பதினோரு வருஷம்.

பூமியின் சூடு தணிய வான்திரை கட்டியவர்கள் நல்ல மனிதர்கள்தான். சூடும் தணிந்தது. ஆனால் ஆறு பருவங்களும் வரிசையை மறந்துவிட்டன. மேய்ப்பனில்லாத ஆடுகள்போல நினைத்த நாளில் நினைத்த மலையில் போய் நின்றன. அதற்கு முன்பே கடலோர ஊர்கள் தண்ணீருக்குள் போயிருந்தன. தூத்துக்குடிக் கரையிலிருந்து பதினொரு குடும்பங்களை இமயத்தின் ஒரு பள்ளத்தாக்கில் கொண்டுவந்து குடிவைத்தார்கள்; அதுதான் புதுக்கரை. கடலையே பார்க்காத பிள்ளைகள் பிறந்தார்கள்; நாக்கு மட்டும் மாறவில்லை. ஐயாயிரம் மீட்டர் உயரத்துக் கணவாய்க்கு முகத்துவாரம் என்று பெயர் வைத்தார்கள். அதைக் கடந்துபோவதற்குக் கடலுக்குப் போவது என்று பெயர். என்ன செய்வது, பிறவிக்குணம்!

கணவாய்க்கு அப்பால் உப்பேரி. வருஷத்துக்கான உப்பு அங்கேதான் கிடைக்கும். கிறுக்குப் பிடித்த காற்றில் டிரோன்கள் நொறுங்கின, நடந்துதான் போகவேண்டும். போய்வரப் பத்து நாள். பத்து நாளும் ஒரே பருவம் நிற்கவேண்டுமே! அதற்குத்தான் ஊர்க்கோடியில் பருவக்கோபுரம். வருஷத்தில் ஒருமுறை, கேட்ட பருவத்தைக் கணவாயின் தலைக்கு மேல் பத்து நாள் பிடித்துக் கட்டிவைக்கும். எந்தப் பருவம் என்று சொல்வது வருஷத்துக்கு ஒரு வீடு. சொன்ன ஆள் முன்னால் நடக்கவேண்டும். வேறு வீட்டார் வாயைத் திறக்கக் கூடாது. அது ஊர்க்கட்டு.

இந்த வருஷம் செலஸ்தீனாள் வீட்டு முறை.

பதினோரு வருஷத்துக்கு முன் இதே வீட்டு முறை வந்தபோது சொன்னவன் அமலதாஸ். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். "காத்தே இல்லாத வெயில் பருவமாக் கேளுங்க. கடல் கண்ணாடி கெணக்கா கெடக்கணும்" என்றாள். அவளுடைய வம்சமே அப்படித்தான் சொல்லும். கடலுக்கு அது சரி. மலைக்கு? காற்றடங்கிய வெயிலில் பனி உள்ளுக்குள் இளகிக்கொண்டே போகும். திரும்பி வரும்போது, கணவாய்க்குச் சற்றுக் கீழே, உச்சிவேளையில் சரிவு வழுக்கி இறங்கியது. முன்னால் நடந்தவன் மட்டும் போய்விட்டான்.

இப்போது பனிக்குள் துளைத்துப் பார்க்கும் ரேடாரில் அவன் தெரிகிறான். நடைபாதைக்கு நேர் கீழே, ஒன்றரை ஆள் ஆழத்தில், ஒருக்களித்துப் படுத்திருக்கிறான். வெட்டி எடுக்கலாமென்றால் சரிவே இறங்கிவிடும். தானாக உருகினால்தான் உண்டு.

கொழுந்தன் சூசை வாசலில் வந்து நின்றான். ஒரே வீட்டுக்காரன், அவன் பேசலாம்.

"மதினி, முதுவேனில் கேளுங்க. பத்து நாள் வெயிலுக்கு அண்ணன் மேல வந்துருவாவ. கல்லறைத் தோட்டத்துல ஒரு பிடி மண்ணு போடவாவது வேண்டாமா?"

"நாப்பத்து மூணு பேரு நடக்கணும் சூசை."

"விடியுமுன்ன கடந்துருவோம். இந்தத் தடவ விட்டா இனிப் பதினோரு வருஷம்! அதுக்குள்ள பனி அவுகள எங்க இழுத்துட்டுப் போவுமோ."

"எனக்கு ஆசையில்லன்னா நெனைக்க? கட்டுனவ நான்யா. சட்டையத் துவச்சு வச்சுட்டு ஒக்காந்திருக்கேன்."

"அப்பக் கேளுங்க."

கோபுரத்தில் ஆறு பித்தளைக் கைப்பிடிகள் இருந்தன. செலஸ்தீனாள் முதுவேனிலைத் தொட்டாள். உலோகம் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கை வழியே வெயில் ஏறி, பனி கண்ணாடியாகி, கண்ணாடி தண்ணீராகி, அமலதாஸ் கண் விழிப்பதுபோல ஒரு மயக்கம் வந்தது. அப்படியே நின்றாள். எவ்வளவு நேரமென்று அவளுக்கே தெரியாது. போன முறையும் மனசுக்குப் பிடித்ததைத்தானே சொன்னோம் என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்து சுருக்கென்று தைத்தது. கையை எடுத்தாள். கடைக்கோடியில் குளிர்ந்துகிடந்த பின்பனியைப் பிடித்து இழுத்தாள்.

சூசை அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் விடியற்கருக்கலில் அவளுக்குப் பின்னால் இரண்டாம் ஆளாக வந்து நின்றான்.

பின்பனி சொன்ன சொல் தவறவில்லை. பாதை பாறையாக இறுகிக்கிடந்தது. வெள்ளை மேடுகள் அலையலையாக உறைந்திருந்தன. நடக்கிறோமா மிதக்கிறோமா என்று தெரியாமல் நாற்பத்து மூன்று பேரும் கடந்தார்கள். அந்த இடம் வந்தபோது செலஸ்தீனாள் நிற்கவில்லை. காலை மட்டும் மெல்ல வைத்தாள்.

ஒன்பதாம் நாள் உப்பு மூட்டைகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அதே இடத்தில் இப்போது அவள் நின்றாள். மூட்டையை இறக்கி முடிச்சை அவிழ்த்தாள். மண் போடத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று ஒரு பிடி உப்பை அள்ளிப் பனிமேல் போட்டாள்.

"போயிட்டு வாறேங்க" என்றாள். அழுகை வந்தது, அழுதாள்.

பனி மெல்லச் சடசடத்தது. உப்பு விழுந்த இடம் கண்ணெதிரே இளகிக் குழிந்தது. சூசை குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் மூட்டையை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி, அந்தக் குழியிலேயே போட்டான்.

"மதினி," என்றான். ஒன்பது நாளைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல். "அடுத்த வருஷம் சிலுவைமுத்து வீட்டு முறை. அவனும் பின்பனிதான் கேப்பான். கேக்கட்டும். வரும்போது ஒரு பிடி போட்டுட்டு வரட்டும். அண்ணன் மெதுவா மேல வரட்டும்."

மூன்றாவதாக நின்ற சிலுவைமுத்து ஏற்கெனவே முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று உப்புக்காக உயிரைக் கொடுக்கிற ஊர் அது. ஒருவரும் கையைச் சுருக்கவில்லை. வரிசையாக வந்தார்கள், ஆளுக்கொரு பிடி போட்டார்கள், நடந்தார்கள்.

கடைசி ஆள் கடந்தபோது, கணவாய் முழுக்கப் பின்பனி இறுகிக்கிடக்க, அந்த ஓரிடத்தில் மட்டும் ஒரு சாண் ஆழத்துக்கு முதுவேனில் வந்திருந்தது.